தோட்டக் குடும்பமொன்றின் பூர்வீக ஊரையும் நிலத்தொடர்பையும் கொழும்பிலிருந்து தேடும் முறை

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வத்தளைப் பக்கத்திலும் குடியேறிவிட்ட மலையகக் குடும்பங்களின் இளையவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தோட்டத்துக்கு வருமுன் நம் முன்னோர் இந்தியாவில் எந்த ஊரில் இருந்தார்கள், அங்கே அவர்களுக்கு நிலம் இருந்ததா என்பதே அது. இதன் முதற்பாதிக்கு விடை தேடிப் பலர் புறப்படுகிறார்கள். பிற்பாதியைப் பழங்கதை என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த அளவில், பிற்பாதியைப் பற்றிக்கொண்டு நடப்பவருக்கே முதற்பாதியின் விடையும் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்த ஒரு கூலியாளின் பெயரை எழுத்தர் எவரும் அக்கறையோடு எழுதிவைக்கவில்லை. ஆனால் அவர் உழுத நிலம் யாருடையது, அவர் பட்ட கடனைத் தீர்த்துக் கூட்டிவந்த கங்காணி யார், அந்தக் கங்காணிக்கு முற்பணம் கொடுத்த தோட்டம் எது என்பன பணத்தோடு சம்பந்தப்பட்டவை என்பதால், அவை எங்கோ ஓர் ஏட்டில் ஏறியிருக்கின்றன. ஆகவே இத்தேடலில் ஆளின் பெயரைவிடக் கடனையும் நிலத்தையும் பின்தொடர்வதே பயன்தரும். கொழும்பில் இருந்தபடியே இதில் எவ்வளவு தூரம் போகலாம், எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

வீட்டுப் பெட்டி

முதலில் சுவடிகள் காப்பகத்துக்கு ஓடாதீர்கள். வீட்டில் தகரப்பெட்டியோ, சாமிப்படத்துக்குப் பின்னே செருகிய உறையோ இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களைவிட முக்கியமானவை பிரசாவுரிமை தொடர்பான கடதாசிகள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்பின் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ், 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதிக்கு முன்னர் விண்ணப்பம் செய்ய வேண்டியிருந்தது. மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தபடியால், குடும்பங்கள் கையில் அகப்பட்ட எல்லாச் சான்றுகளையும் அந்த விண்ணப்பத்துக்காகத் திரட்டின. அந்தத் திரட்டின் எச்சமே இன்று பெட்டியில் இருப்பது. வஞ்சகமாக விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு ஆவணச் சேமிப்பாக மாறியிருப்பது வேடிக்கைதான்.

நாடற்றவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 அக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்த உறவினர் எவரேனும் இருந்தால், அவருடைய கடதாசிகளில் பூர்வீகக் கிராமம், தாலுகா, மாவட்டம் என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்க இடமுண்டு. பாட்டனார் இலங்கைப் பிரசையாகி, அவருடைய தம்பி இந்தியாவுக்குப் போயிருந்தால், ஊரின் பெயர் தம்பி வீட்டுக் கடதாசியிலேயே இருக்கும். அதனால் நேர்வழி முன்னோரோடு நின்றுவிடாமல் பங்காளிகளையும் மாமன் மச்சான்களையும் தேடுவது அவசியம்.

பழைய பற்றுச்சீட்டு ஒன்று அகப்பட்டால் அதைப் பொன்போலப் பாதுகாக்க வேண்டும். தோட்டத்திலிருந்து விலகும்போது கொடுக்கப்பட்ட அந்தச் சீட்டில் குடும்ப உறுப்பினர், தோட்டத்தின் பெயர் முதலிய விபரங்கள் இருக்கும். அரிசிக் கூப்பன் புத்தகம், வாக்காளர் இடாப்பின் நகல், கோயில் திருவிழா வரிச்சிட்டை ஆகியவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். சான்றிதழ் எதுவும் இல்லையெனில், மாளிகாவத்தையிலுள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவண அறையில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டங்களில் நிகழ்ந்த பிறப்பையும் இறப்பையும் தோட்டத்துரையே அறிவிப்பது வழக்கமாக இருந்ததால், விண்ணப்பத்தில் கிராமப் பெயரைவிடத் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் சரியாக இருக்க வேண்டும். அதுவும் துரைமார் வழங்கிய ஆங்கிலப் பெயராக இருக்க வேண்டும். தொழிலாளர் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர் பல தோட்டங்களில் அதனோடு சிறிதும் ஒட்டாதது என்பதை மறந்து, ஒரு முழு நாளை நான் வீணாக்கியிருக்கிறேன்.

முதியவர்களிடம் கேட்பது

“எப்போது வந்தீர்கள்?” என்று கேட்டால், “அது வெள்ளைக்காரன் காலத்தில்” என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, “அப்பாயி, நம்ம பெரிய கங்காணி எந்த ஊர்க்காரர்? அங்கே யாருடைய பண்ணையில் இருந்தோம்? வாரத்துக்கு உழுதோமா, படிக்கு வேலை செய்தோமா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். “கோச்சியில் வந்தார்களா, நடந்து வந்தார்களா? குலசாமி எது? பிடிமண் எங்கிருந்து கொண்டுவந்தார்கள்?” என்ற கேள்விகள் பெரும்பாலும் வாயைத் திறக்கவைக்கும். ஒரே கங்காணியின்கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரையோ அண்டை ஊர்களையோ சேர்ந்தவர்கள். ஆதலால், உங்கள் குடும்பத்தின் ஊர் மறந்துபோயிருந்தாலும் பெரிய கங்காணியின் ஊரை அறிந்தால் தேடும் பரப்பு ஒரு தாலுகாவுக்குள் சுருங்கிவிடும்.

இக்கேள்விகள் சாதியைத் தொடும் என்பதை உணர்ந்தே கேட்க வேண்டும். சிலர் அதைச் சொல்ல விரும்பமாட்டார்கள். அவர்களை வற்புறுத்துவது முறையன்று. அதேபோல, “நமக்கு அங்கே ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தது” என்று பெருமையாகச் சொல்லப்படுவதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது; பொய்யென்று தள்ளிவிடவும் கூடாது. அடுத்த பகுதியில் சொல்லப்படும் நில உரிமைகளின் படிநிலையில் அந்த “இருந்தது” என்ற சொல் எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பதே நம் வேலை.

நிலத்தின் சொற்களை வாசித்தல்

இத்தேடலில் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, வட தென் ஆர்க்காடுகள், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்தே இலங்கைத் தோட்டங்களுக்குப் பெரும்பாலோர் வந்தனர். இப்பகுதிகள் எல்லாவற்றிலும் நிலம் ஒரே முறையில் ஆளப்படவில்லை. தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ரயத்துவாரி முறையில், நில உரிமைப் பத்திரமான பட்டாவை வைத்திருந்த பட்டாதாரர் அரசாங்கத்துக்கு நேரே வரி செலுத்தினார். இராமநாதபுரம், சிவகங்கை போன்ற இடங்களில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிரந்தரத் தீர்வையோடு ஜமீன்கள் ஏற்பட்டன. அங்கே குடியானவர் ஜமீனுக்குச் செலுத்தினார், ஜமீன் அரசாங்கத்துக்குச் செலுத்தியது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்தபடியால், அதன் நில ஏடுகள் சென்னை மாகாண ஏடுகளோடு கலந்து இருக்கமாட்டா. உங்கள் ஊர் இவற்றுள் எதில் விழுகிறது என்பதைத் தீர்மானிக்காமல் ஏடு தேடுவது, வீட்டு இலக்கம் தெரியாமல் செட்டியார் தெருவில் ஒருவரைத் தேடுவது போன்றது.

அடுத்தது, ஒரே வயலில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருந்தன என்பதை விளங்கிக்கொள்வது. மேல்வாரம் என்பது அரசாங்கத்துக்கோ நிலவுடைமையாளருக்கோ போகும் பங்கு; குடிவாரம் என்பது பயிரிடுபவருக்கு எஞ்சும் பங்கு. காவேரிப் பாசனப் பகுதியில் மிராசுதார் நிலத்துக்கு உரியவர். அவருக்குக் கீழே, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரக்குடியும், நிர்ணயித்த நெல்லையோ பணத்தையோ கொடுக்கும் குத்தகைக்காரரும் இருந்தனர். நெடுங்காலமாக ஊரிலேயே இருந்து பயிரிட்டு, எளிதில் அகற்ற முடியாத உரிமை பெற்றவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து, மிராசுதாரின் விருப்பப்படி அகற்றப்படக்கூடியவர் புறக்குடி. இவர்கள் எல்லோருக்கும் அடியில் இருந்தவர் பண்ணையாள். இவருக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது; குடிசை போட இடமும், சில இடங்களில் பயிரிட ஒரு துண்டு நிலமும் கொடுக்கப்பட்டன. திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ வாங்கிய முன்பணம் அவரையும், பல வேளைகளில் அவருடைய மகனையும் அந்தப் பண்ணையோடு கட்டிப்போட்டது.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்வதை நிறுத்தியது. அதனால் பண்ணையாளுக்கு நிலமோ கூலிப்பணமோ கிடைத்துவிடவில்லை. அதுவரை உடைமை என்ற பெயரில் இருந்த பிடி, கடன் என்ற பெயரில் தொடர்ந்தது. தஞ்சாவூரில் பண்ணையாள் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் வருவதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைக் கொண்டே அந்தப் பிடியின் வலிமையை மதிப்பிடலாம். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் 1830களிலும் 1840களிலும் பரவத் தொடங்கியபோது, இந்தப் பிடியிலிருந்து வெளியேறுவதற்கு ஒரு வழி திறந்தது. ஊர்க் கடனைத் தீர்க்கக் கங்காணி பணம் கொடுத்தார். அந்தப் பணம் தோட்டக் கணக்கில் புதிய கடனாக ஏறியது.

வந்தவர் எல்லோரும் பண்ணையாள் என்று எண்ணிவிடுவதும் தவறு. வானம் பார்த்த பூமியில் சிறு பட்டா வைத்திருந்தவர், மழை பொய்த்த ஓராண்டில் அதை ஈடுவைத்துவிட்டு வந்ததும் உண்டு. நெசவை இழந்தவர் வந்ததும் உண்டு. “நிலம் இருந்தது” என்ற பாட்டியின் கூற்று பட்டா நிலத்தைக் குறிக்கலாம், உள்குடி உரிமையைக் குறிக்கலாம், பண்ணையாளுக்கு விட்டிருந்த அந்தத் துண்டு நிலத்தையும் குறிக்கலாம். மூன்றும் அவர் கண்ணுக்கு நிலம்தான். அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ, அதை மாற்றாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நமது இன்றைய சொல்லால் அதை மொழிபெயர்த்து எழுதிவிட்டால் சான்று அழிந்துவிடும்.

காலத்தைக் கணித்தல்

கிராமத்து நினைவு கிறிஸ்தவ ஆண்டில் ஓடுவதில்லை. “தாது வருசப் பஞ்சத்தில் வந்தோம்” என்றால், அது 1876 சித்திரையில் தொடங்கிய தாது வருடம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் தொடக்கம். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்வதால், அடுத்த தாது 1936இல் வரும். பஞ்சம் என்ற சொல் கூடவே வந்தால் முன்னதைக் கொள்ளலாம். வெறும் வருடப் பெயர் மட்டும் கிடைத்தால் தலைமுறைகளை எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்திய நில ஏடுகளில் வரும், வரிக்கணக்குக்கான பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும்: பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

வந்த வழியும் காலத்தைச் சொல்லும். கோப்பிக் காலத்தில் தொண்டி, பாம்பன் பக்கத்துத் துறைகளிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக நடந்தனர். அந்த வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தவர் பல்லாயிரம். அவர்களிற் பலர் நிரந்தரமாகத் தங்க வரவில்லை. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் வயலுக்குத் திரும்பினர். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தபடியால், குடும்பத்தோடு வந்து தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தங்குவது அதன் பிறகே பெருவழக்காயிற்று. எனவே “என் கொள்ளுத்தாத்தா மூன்று தடவை வந்து போனார்” என்பதும் “என் பாட்டி கைக்குழந்தையோடு வந்தாள்” என்பதும் வெவ்வேறு காலத்துக் கதைகளாக இருக்கக்கூடும்.

தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, ராகமை முகாமில் வைக்கப்பட்டிருந்ததாக நினைவு இருந்தால் அது நடைப்பயணம் குறைந்த பிந்திய காலம். தனுஷ்கோடி, தலைமன்னார், மண்டபம் முகாம் என்ற பெயர்கள் வந்தால் 1914க்குப் பிந்தியது. அந்த ஆண்டில்தான் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் இணைந்து கப்பற் சேவை தொடங்கியது. தோட்ட வேலைக்கு ஆள் வருவதை இந்திய அரசாங்கம் 1939 ஆகஸ்டில் தடை செய்தமையால், அதன் பிறகு புதிதாக வேலைக்கு வந்ததாகச் சொல்லப்பட்டால் அதை மறுபடியும் விசாரியுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பியதை முதல் வருகையாக நினைவு மாற்றியிருக்கலாம்.

சுவடிகள் காப்பகத்தில் ஒரு நாள்

இவ்வளவும் கையில் இருந்தால், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போகலாம். அது இருக்கும் வீதிக்குப் பிலிப் குணவர்த்தனவின் பெயர். வயலை உழுதவரின் பங்குக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுக்க முயன்ற 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த விவசாய அமைச்சர் அவர். வாரமும் குத்தகையும் தேடிப் போகிறவருக்கு அந்தப் பெயர்ப்பலகை பொருத்தமான வரவேற்புத்தான். அடையாள அட்டை, பென்சில், கோடிட்ட கொப்பி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வாசகர் அனுமதி, கட்டணம், புகைப்படம் எடுக்கும் விதிகள் ஆகியவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் கேட்க வேண்டியது பெர்குசன் டைரக்டரி. 1859இல் தொடங்கிய இந்த ஆண்டுத் தொகுப்பில் தோட்டங்களின் பெயர், பரப்பு, பயிர், உரிமையாளர், துரை ஆகிய விபரங்கள் உண்டு. ஐந்து அல்லது பத்து ஆண்டு இடைவெளியில் சில தொகுதிகளை எடுத்து, உங்கள் தோட்டம் எப்போது கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது, எப்போது தனியாரிடமிருந்து கம்பெனிக்குப் போனது என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். தேயிலைக்கு மாறிய ஆண்டை அடுத்து ஆள் கட்டும் தேவை பெருகியிருக்கும். குடும்பம் வந்த காலத்தை ஊகிக்க அது உதவும். இரண்டாவது, மாகாண அரசாங்க அதிபர்களின் வருடாந்த நிருவாக அறிக்கைகள். அவற்றில் ஆள் பெயர் இராது. ஆனால் மழை, அரிசி விலை, காய்ச்சல், ஆள் வரத்து ஆகியவற்றின் நிலை இருக்கும். மூன்றாவது, இந்திய அரசாங்கத்தின் முகவர் கண்டியில் இருந்து 1923 முதல் எழுதிய ஆண்டறிக்கைகள். கூலி, கடன், லயம், முறைப்பாடுகள் பற்றி இவை சொல்லும் செய்திகள் தோட்டத்துரைமார் சங்கத்தின் அறிக்கைகளில் கிடைப்பவற்றுக்கு நல்ல எதிர்த்தட்டு. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்காமல் ஒன்றை மட்டும் நம்புவது ஒருதலை வழக்கைக் கேட்பதாகும்.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வருகை, புறப்பாடு என்று ஏடுகளில் வரும் தொகைகள் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, பயணங்களின் எண்ணிக்கை. ஒரே ஆள் ஐந்து முறை வந்தால் ஐந்து வருகை. இரண்டையும் கழித்து வரும் மிச்சத்தைத் தங்கியவர் என்றோ இறந்தவர் என்றோ எழுதிவிடக் கூடாது. குடிசன மதிப்பீட்டிலும் இதேபோன்ற பொறி உண்டு. 1871இல் தொடங்கிய மதிப்பீடுகளில், இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் வேறாக எண்ணியது 1911இல்தான். அந்த ஆண்டில் முன்னவர் 528,024 பேர், பின்னவர் 530,983 பேர். அதற்கு முந்திய ஆண்டுகளுக்குத் தோட்ட சனத்தொகை அட்டவணைகளைப் பார்க்க வேண்டும். கொழும்புத் துறைமுகத்திலும் நகரசபைத் துப்புரவு வேலையிலும் இருந்த குடும்பங்கள் அந்த அட்டவணைகளுக்குள் வரா.

காப்பகத்தில் கிடைக்காத தமிழ்ப் பத்திரிகைகள், சிறு வெளியீடுகள், மலர்கள் ஆகியவற்றுக்குத் தேசிய நூதனசாலை நூலகமும், வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், இணையத்தில் நூலகம் திட்டமும் உண்டு.

கடனின் தடம்

கங்காணி முறையின் உள்ளமைப்பை அறியாமல் தோட்ட ஏடு எதையும் சரியாக வாசிக்க முடியாது. தோட்டம் பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுத்தது. அவர் அதில் ஊர்க் கடன், வழிச்செலவு, உணவு என்று செலவழித்து, ஒவ்வோர் ஆளின் பேரிலும் பற்றெழுதினார். தமது கூட்டத்தில் வேலைக்குப் போனவர்களின் தொகைக்கேற்பத் தலைக்காசும் அவருக்குக் கிடைத்தது. அரிசியின் விலை கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. கழித்த பிறகு எஞ்சியதில் கங்காணியின் கடனும் கழிந்தது. ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்துரை “இவ்வளவு கடன் தீர்ந்தால் விடுவேன்” என்று எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொண்டார். கூட்டம் இடம் மாறமாற, துண்டின் தொகை கூடிக்கொண்டே போயிற்று. இதனோடு, வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாக்கிய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும் இருந்தபடியால், பண்ணையாளின் கடனைவிட இது இலேசானதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறுபாடு, இங்கே கூலியும் கடனும் எழுத்தில் இருந்தன என்பதுதான். நமது தேடலுக்கு அதுவே கைகொடுக்கிறது. துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கான கட்டளைச்சட்டம் 1927இல் வந்தது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். பெரிய கங்காணியின் பெயரைக் கண்டுபிடித்ததும், அவருடைய வாரிசுகளைத் தேடிச் செல்லுங்கள். பெரிய கங்காணிமார் சிலர் தோட்டம் வாங்கினர், கடை வைத்தனர், கோயில் கட்டினர். அவர்களின் சந்ததியார் கொழும்பிலும் கண்டியிலும் உள்ளனர். நிலம் வாங்கியிருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதி இருக்கும், உறுதியில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். கோயில் கட்டியிருந்தால் மணியிலோ, கற்பலகையிலோ ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கலாம். செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் கடன் பெற்ற கங்காணிகளும் உண்டு. அந்தக் கணக்கேடுகள் தனியார் சொத்து. பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் குறைசொல்ல முடியாது.

தொழிலாளரின் வரவையும் கூலியையும் பதியும் செக்ரோல் ஏடுகளுக்குத் தோட்டக் காரியாலயத்தையே கேட்க வேண்டும். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போய், 1992இல் நிருவாகம் தனியார் கம்பெனிகளுக்கு மாறியபோது பழைய ஏடுகள் பல இடங்களில் அழிந்துவிட்டன. ஒரு தோட்டத்தில், கேட்ட ஏடு முந்திய மாதம்தான் எரிக்கப்பட்டது என்று எனக்குச் சொன்னார்கள். ஆகவே, போக நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கரைக்கு எழுதுதல்

ஊரின் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் கிடைத்தபின், இந்தியப் பக்கத்து ஏடுகளுக்கு வரலாம். பழைய கடதாசியில் உள்ள மாவட்டம் இன்று அதே மாவட்டமாக இராது. திருச்சிராப்பள்ளி என்று எழுதப்பட்டிருக்கும் பெரம்பலூரும், சேலம் என்று எழுதப்பட்டிருக்கும் நாமக்கல்லும் இன்று தனி மாவட்டங்கள். இலங்கை எழுத்தர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரை, உரத்து வாசித்துத் தமிழில் மீட்க வேண்டும். பட்டி, பாளையம், பாடி என்ற ஈறுகள் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். அந்தத் தாலுகாவில் அதே ஒலியுடைய ஊர்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, குலசாமி கோயில் எந்த ஊருக்குக் கிட்ட இருக்கிறது என்று பார்த்து விலக்கிக்கொண்டே வாருங்கள்.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நிலவரித்திட்டப் பதிவேடுகள் உள்ளன. கிராம அளவில், பயிர்க் கணக்கான அடங்கலும், யார் பேரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் சிட்டாவும் உண்டு. உங்கள் முன்னோர் பட்டாதாரராக இருந்திருந்தால் பெயர் அகப்படும். வாரக்குடியாகவோ பண்ணையாளாகவோ இருந்திருந்தால் அகப்படாது. அப்போது பாட்டி சொன்ன பண்ணையின் உரிமையாளர் பெயரைத் தேடுங்கள். அவருடைய நிலங்களும் அவற்றை ஒட்டிய நத்தம் (குடியிருப்பு மனை), புறம்போக்கு (அரசாங்கப் பொதுநிலம்) இலக்கங்களும் அகப்பட்டால், உங்கள் குடும்பத்தின் குடிசை எந்தப் பகுதியில் இருந்திருக்கக்கூடும் என்பதைக் கிராம வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். பெயரில்லாத ஒருவரின் இருப்பிடத்தை, அவரைக் கட்டிவைத்தவரின் பெயர்கொண்டு கண்டுபிடிப்பது கசப்பான வழிதான். வேறு வழி இல்லை.

இலங்கைக்குள் நிகழ்ந்த நகர்வும் நிலமும்

குடும்ப மரம் தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. 1970களின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்திலும், 1977, 1983 வன்செயல்களின் பின்னும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகக் குடும்பங்கள் அங்கே பிறருடைய வயலில் கூலிக்கும் குத்தகைக்கும் பயிரிட்டன. அவர்களின் கதையை எழுதும்போது, இந்நாட்டின் பங்குமுறைச் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். சிங்களக் கிராமங்களில் விளைச்சலைச் சரிபாதியாகப் பிரிக்கும் அந்தே முறையும், மட்டக்களப்பில் போடியார் (நிலவுடைமையாளர்), முல்லைக்காரர் (மேற்பார்வையாளர்), வயற்காரர் (வயல் வேலையாள்) என்ற அடுக்கும், யாழ்ப்பாணத்தில் அவ்வூர் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை ஏற்றுக்கொண்ட ஒற்றி என்ற நில அடைமானமும் ஒன்றல்ல. “குத்தகைக்குச் செய்தோம்” என்ற ஒரே சொற்றொடர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்து முசிறியில் ஒன்றையும் வவுனியாவில் இன்னொன்றையும் குறிக்கும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கருதச் செய்து, அவற்றைக் கோப்பிக்கு விற்க வழிவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் முன்னோர் இறங்கிய தோட்டத்துக்கும் முன்பு அங்கே சேனை செய்த ஒரு கிராமம் இருந்திருக்கலாம். அரசாங்க அதிபரின் நாட்குறிப்புகளில் அந்தக் கிராமத்தாரின் முறைப்பாடும் இருக்கலாம்.

கிடைத்ததை எழுதும்போது, தலைமுறை ஒவ்வொன்றின் பெயருக்கும் எதிரே மூன்று நிரல்கள் போடுங்கள்: யாருடைய நிலத்தில் இருந்தார், எந்த முறையில் இருந்தார், யாருக்குக் கடன்பட்டிருந்தார். ஒவ்வொரு விடைக்கும் அது கடதாசியிலிருந்து வந்ததா, வாய்மொழியா என்று பக்கத்தில் குறியுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கடைசித் தலைமுறைக்கு வரும்போது, தோட்டத்தில் இன்னும் லயத்தில் வாழும் உறவினருக்கும் அதே மூன்று நிரல்களையும் நிரப்ப வேண்டும். முதல் நிரலில் அரசாங்கம் என்றும், அதனிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி என்றும் எழுதுவீர்கள். இரண்டாவது நிரலில், அறைக்கு உறுதி கிடைத்ததா, 7 பேர்ச்சஸ் காணி கிடைத்ததா, இரண்டும் இல்லையா என்பதைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, திகதியோடு எழுதுங்கள்.